இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்னைப்பர் தொலைநோக்கிகள்

ஸ்னைப்பர் ரைஃபிளின் மேல் பொருத்தப்பட்ட குறிபார்க்கும் தொலைநோக்கி, இரண்டாம் உலகப்போரில் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இவற்றை உருப்பெருக்கத்தை வைத்து ஒப்பிடுவது வழக்கம். களத்திலோ பார்வைப்பரப்பும், ஈரம் புகாத கட்டமைப்பும், துப்பாக்கியோடு பிணைக்கும் தாங்கியும் அதைவிட முக்கியமாயின.

சோவியத் 'பியு' 3.5 மடங்கு பெருக்கியது. 169 மி.மீ. நீளமும் சுமார் 270 கிராம் எடையும் கொண்ட இச்சிறு குழல், முதலில் எஸ்விடி-40 ரைஃபிளுக்காக வந்தது; 1942 முதல் மோசின்-நாகாந்த் ரைஃபிளிலும் ஏறியது. அதற்கு முந்தைய 'பிஇ' 4 மடங்கு. பார்ப்பவர் கண்ணுக்கேற்பத் தெளிவைத் திருத்தும் வளையம் அதில் இருந்தது. அந்த இடுக்கில் ஈரம் கசிந்ததால் 'பிஇஎம்' வகையில் வளையத்தையே நீக்கிவிட்டனர். வசதியை விட்டு உறுதியைப் பெற்ற நல்ல பேரம் இது.

பிரிட்டனின் 'எண் 32' வெறும் 3 மடங்கு. எடையோ ஏறத்தாழ ஒரு கிலோ. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென வடிவமைக்கப்பட்டதால் வந்த கனம் அது. ஆனால் சுமார் 9 பாகை அகலப் பார்வை கிடைத்தது. பியுவில் அதில் பாதிதான்.

ஜெர்மனி வேட்டைக்கான 4 மடங்குத் தொலைநோக்கிகளை கார்98கே ரைஃபிளில் பொருத்தியது. அதன் இசட்எஃப்41 மட்டும் விசித்திரமானது: 1.5 மடங்கே பெருக்கும், கண்ணிலிருந்து வெகுதூரம் முன்னே அமரும். ஒரு குழாய் வழியே எட்டிப் பார்ப்பது போன்ற குறுகிய காட்சியே கிடைத்ததால், அதை முழுமையான ஸ்னைப்பர் கருவி என்பது பொருந்தாது.

ஜப்பானின் 97-ஆம் வகை ரைஃபிளில் 2.5 மடங்குத் தொலைநோக்கி இடப்பக்கம் தள்ளி அமைந்தது. தோட்டா வரிசையை மேலிருந்து செருக வழிவிடவே இந்த ஏற்பாடு.

அமெரிக்கத் தரைப்படையின் எம்1903ஏ4 ரைஃபிள், வீவர் நிறுவனத்தின் மெல்லிய வேட்டைத் தொலைநோக்கியை ஏற்றது. கடற்படைக் காலாட்படையோ 8 மடங்கு உனெர்டல் தொலைநோக்கியைத் தேர்ந்தது. இந்த நீண்ட குழல் ஒவ்வொரு வெடிக்கும் தாங்கிக்குள் முன்னோக்கிச் சறுக்கும். சுட்டவர் அதைக் கையால் இழுத்துப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். தொலைவுக்குச் சிறந்தது, அவசரத்துக்கு ஆகாதது.

இவற்றுள் சில நீண்ட ஆயுள் பெற்றன. உனெர்டல் வியட்நாம் போர் வரை சென்றது. எண் 32, 7.62 மி.மீ. தோட்டாவுக்கேற்ப மாற்றப்பட்டு, எல்42ஏ1 ரைஃபிளின் மேல் 1982 பாக்லாந்து போரிலும் இருந்தது.