சப்பாத்துத் தைத்த போதகரும் எழுத்துச் செதுக்கிய கொல்லரும்

பாடசாலையொன்றுக்குப் புதிய கட்டிடம் எழும்பினால், அதனைத் திறந்துவைத்தவரின் பெயரைக் கல்லிலே பொறித்துச் சுவரிலே பதிப்பது நம் நாட்டு வழக்கம். பொத்துவிலிலும் அப்படித்தான், கொழும்பிலும் அப்படித்தான். சீமெந்து குழைத்த மேசனுக்கும் கூரைமரம் அறுத்த தச்சனுக்கும் அந்தக் கல்லிலே இடமில்லை. கட்டிடத்துக்கு நேர்கின்ற இக்கதி கல்வியின் வரலாற்றுக்கும் நேர்ந்திருக்கிறது.

அவ்வாறு கல்லிலே பொறிக்கப்பட்ட பெயர்களுள் ஒன்று வில்லியம் கேரி என்பது. பாப்டிஸ்ட் சபைப் போதகர், பள்ளியாசிரியர், வங்காள உரைநடை வளர்ச்சிக்குத் துணைநின்றவர் என்றெல்லாம் நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவருடைய வாழ்வை நாம் இங்கே ஆராயப் புகுவது துதிப்பதற்காகவுமன்று, தூற்றுவதற்காகவுமன்று. ஓர் ஆசிரியனின் பணி எதனாலே நிலைக்கிறது, எங்கே குறைபட்டுப் போகிறது என்னும் வினாவுக்கு அவ்வாழ்வு விடை தருகிறது என்பதற்காகவேயாம்.

1761ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன் பகுதியிலே, போலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் கேரி பிறந்தார். தந்தை நெசவாளி, பின்னர் ஊர்ப்பள்ளி ஆசிரியர். மகன் சப்பாத்துத் தைக்கும் தொழில் பழகினார். 1785ஆம் ஆண்டில் மோல்டன் என்ற கிராமத்திலே பள்ளி நடத்தத் தொடங்கி, அங்கிருந்த சிறிய பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராகவும் அமர்ந்தார். பள்ளி வருமானமும் சபையின் ஊதியமும் சேர்ந்தும் குடும்பத்துக்குப் போதவில்லை; தையலூசியை அவர் கீழே வைக்க முடியவில்லை. அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பானவர்களுக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பட்டங்கள் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளை அவர் பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். காகிதத் தாள்களை ஒட்டி உலகப் படமொன்று வரைந்து, நாடு நாடாக மக்கள் தொகையையும் சமயத்தையும் அதிலே குறித்துச் சுவரில் மாட்டியிருந்தார். தோலும் நூலும் கிடந்த அறையிலே உலகமும் தொங்கிற்று.

1792ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூல் சமயப் பணிக்கான அழைப்பாகும். ஆயினும் அதிலே நாம் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. அடிமைகளின் உழைப்பால் விளைந்த மேற்கிந்தியத் தீவுகளின் சீனியைப் பல குடும்பங்கள் அப்பொழுது விலக்கிவந்தன. அதனால் மிஞ்சும் பணத்தை நற்பணிக்குக் கொடுக்கலாம் என அவர் எழுதினார். தேநீர்க் கிண்ணத்துக்குள்ளே கிடந்த அநீதியைக் காணும் கண் அந்தத் தொழிலாளிக்கு இருந்தது.

ஆனால், அந்தக் கண் எல்லா இடத்தையும் ஒரேவிதமாகப் பார்த்ததா? 1793ஆம் ஆண்டின் இறுதியிலே கேரி வங்காளம் வந்து சேர்ந்தார். தன் ஆட்சிப்பரப்பில் மிஷனரிமார் இயங்குவதைக் கிழக்கிந்தியக் கம்பனி விரும்பவில்லை. கையிலே காசில்லாத நிலையில், மால்டாப் பகுதியிலுள்ள முத்னாபதி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளராக 1794 முதல் 1799 வரை அவர் வேலை பார்த்தார். போடியாருக்காக வட்டையைப் பார்க்கும் முல்லைக்காரனை நம் பகுதியினர் நன்கறிவர். ஏறத்தாழ அத்தகைய இடந்தான் அவருடையதும். உழவர் பிள்ளைகளுக்கு அவர் அங்கே ஒரு பள்ளி நடத்தினார் என்பது மெய். ஆனால், அவுரித் தோட்ட முறை வங்காள உழவனைக் கடனிலே கட்டிப்போட்ட முறை என்பதும் மெய்யே. 1859ஆம் ஆண்டில் அதே வங்காளத்தின் உழவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மேற்கிந்தியச் சீனியிலே கண்ட கசப்பைக் காலடியில் விளைந்த நீலத்திலே கேரி கண்டாரெனச் சொல்வதற்கில்லை. எசமானின் சம்பளம் பார்வையை எவ்வளவு குறுக்கிவிடும் என்பதற்கு நல்ல மனிதரின் வாழ்விலிருந்தே கிடைக்கும் சான்று இது.

இன்னொரு கசப்பும் உண்டு. 1781ஆம் ஆண்டில் கேரி மணந்த டொரத்தி, திருமணப் பதிவேட்டிலே கையொப்பத்துக்குப் பதிலாகக் குறியிட்டவர், எழுத்தறியாதவர். வங்காளம் வர அவர் முதலில் மறுத்தார்; வற்புறுத்தலின் பின்பே கப்பலேறினார். 1794ஆம் ஆண்டில் ஐந்து வயது மகன் பீற்றர் இறந்ததன் பின்னர் அவர் மனநலம் குலைந்தது. 1807ஆம் ஆண்டில் இறக்கும்வரை அது மீளவில்லை. உலகமொழிகளெல்லாம் கற்ற ஆசிரியரின் வீட்டுக்குள்ளேயே எழுத்தறியாப் பெண்ணொருத்தி சிதைந்துபோனாள். பெரியோர் வரலாறுகளிலே இது பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகும். நாம் அப்படிக் கடந்துபோதல் தகாது.

1800ஆம் ஆண்டு சனவரியிலே அவர் வாழ்வு திரும்பிற்று. கல்கத்தாவுக்கு வடக்கே, ஊக்ளி நதிக்கரையிலுள்ள சிராம்பூர் அப்பொழுது டேனிஷ்காரரின் ஆட்சியிலிருந்தது. தமிழகத்துத் தரங்கம்பாடியும் அவர்களுடையதே. அங்குதான் 1715ஆம் ஆண்டளவில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். கம்பனியின் கை எட்டாத சிராம்பூரிலே கேரியும், பள்ளியாசிரியர் யோசுவா மார்ஷ்மனும், அச்சுத் தொழிலாளி வில்லியம் வோர்டும் ஒன்றுசேர்ந்தார்கள். அவரவர் வருவாயைப் பொதுப்பெட்டியிலே போட்டு, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வதென முடிவு செய்தார்கள். கோட்டை வில்லியம் கல்லூரியில் 1801 முதல் மொழியாசிரியராகிய கேரி மாதம் 500 ரூபாவும் பின்னர் 1,000 ரூபாவும் பெற்றார். அதிற் பெரும்பகுதி பொதுப்பெட்டிக்கே போயிற்று. மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் நடத்திய விடுதிப் பள்ளிகளின் வருமானமும் அவ்வாறே. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஹன்னாவின் உழைப்பின்றி அந்தப் பெட்டி நிரம்பியிராது.

அக்கல்லூரி எதற்காக ஏற்பட்டது என்பதையும் மறத்தலாகாது. கம்பனியின் உத்தியோகத்தர் மக்களை ஆளும்பொருட்டு மக்களின் மொழியைப் படிக்கவேண்டியிருந்தது. ஆள்வதற்குத் தேடிய கருவியிலிருந்தே வங்காள உரைநடை புதுவழி கண்டது வரலாற்றின் முரண். அந்த உரைநடையை எழுதியவர்கள் யார்? கேரிக்கு வங்காளம் கற்பித்த முன்ஷி ராம்ராம் பாசு 1801ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரதாபாதித்தன் வரலாறு, வங்காளி ஒருவர் எழுதி அச்சேறிய முதல் உரைநடை நூலெனக் கருதப்படுவது. மிருத்யுஞ்சய வித்தியாலங்கார் கல்லூரியின் தலைமைப் பண்டிதர். அதே ஆண்டில் கேரியின் பெயரில் வந்த உரையாடல் நூலிலே கூலியாட்களும் மீனவரும் பெண்களும் தத்தம் பேச்சிலேயே பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பண்டிதர்களின் கையே பெரிதும் காரணம் என ஆய்வாளர் கருதுவர்.

எழுத்து அச்சேறவேண்டுமானால் அதனை உலோகத்திலே உருவாக்க ஒருவர் வேண்டும். அவர் பஞ்சானன் கர்மகார். கொல்லர் குலத்தவர். 1778ஆம் ஆண்டில் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கண நூலுக்காக வில்கின்ஸுடன் சேர்ந்து வங்காள அச்செழுத்துகளை உருவாக்கியவர். சிராம்பூருக்கு வந்து, தம் மருமகன் மனோகருக்கும் அத்தொழிலைப் பழக்கினார். எஃகுத் துண்டின் முனையிலே எழுத்தைச் செதுக்கி, அதனைச் செம்பிலே அறைந்து அச்சுக்குழி எடுத்து, அக்குழியிலே ஈயக்கலவையை வார்த்தால் அச்செழுத்துப் பிறக்கும். சிராம்பூர் அச்சகம் கீழைநாட்டு மொழிகள் பலவற்றிலே பேசியது அந்தக் கைகளின் வழியாகத்தான்.

1812 மார்ச் 11ஆம் நாள் இரவு அச்சகம் தீப்பற்றி எரிந்தது. தாள்களும் அச்செழுத்துகளும் போயின. கேரி பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலாயிற்று. ஆனால், சாம்பரைக் கிளறியபோது எழுத்துச் செதுக்கிய எஃகுத் துண்டுகள் கெடாமற் கிடந்தன. உருகிய ஈயத்தையே மீண்டும் வார்த்து, சில மாதங்களுக்குள் அச்சகத்தை இயங்கச் செய்தார்கள். அறிஞரின் ஏடு எரிந்தது; கொல்லரின் எஃகு நின்றது. பஞ்சானன் அப்பொழுது உயிரோடில்லை. ஆயினும் அச்சகத்தை மறுபடி எழுப்பியது அவர் தொடங்கிய தொழிலே. இவ்வொரு நிகழ்ச்சியே நாம் சொல்லவந்ததைச் சொல்லிவிடுகிறது எனலாம். அதே 1812இல், முன்னர் சிராம்பூரிலிருந்து பர்மாவுக்குச் சென்றிருந்த ஜேம்ஸ் சேட்டர் கொழும்பிலே வந்திறங்கி, இலங்கையில் பாப்டிஸ்ட் பணியைத் தொடங்கினார். சிங்கள இலக்கண நூலொன்றும் எழுதினார். அந்தக் கொல்லுலையின் வெப்பம் நம் தீவையும் தொட்டது.

சாதியின் மீதும் அவ்வெப்பம் சிறிது பட்டது. சிராம்பூர்ச் சபையில் முதலிற் சேர்ந்த வங்காளி கிருஷ்ண பால் என்ற தச்சர். 1800 டிசம்பரிலே போதகர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்டு அவர் சாதியை உதறினார். 1803ஆம் ஆண்டில் அவருடைய மகளைப் பிராமண இளைஞரொருவர் மணந்தார். தமிழகத்துச் சபைகள் பலவற்றிலே சாதிக்கேற்ற இருக்கைகள் அதன்பின்னரும் நீடித்தன என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இனிப் பள்ளிகளுக்கு வருவோம். 1818ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிப் பள்ளிகளைச் சிராம்பூரார் நடத்தினர். எழுத்தும் கணக்கும் மட்டுமன்றிப் பூகோளமும் வானியலும் வங்காளத்திலேயே கற்பிக்கப்பட்டன. மூத்த மாணாக்கர் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே கையாண்டார்கள். ஸ்கொட்லாந்துப் போதகர் அன்ட்ரூ பெல் வகுத்த முறை என்று அதற்குப் பெயர். ஆனால், பெல் அதனை எங்கே கண்டார்? சென்னை எழும்பூரின் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பாயிருந்த காலத்தில், அயலிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலிலே எழுதிப் பயில்வதைக் கண்டே அவர் தம் முறையைத் தொடங்கினார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை பெயர் மாறிக் கப்பலேறி இலண்டன் போய், புத்தகமாகி மீண்டும் இந்தியாவுக்கு வந்தான். இங்கும் கல்லிலே பொறிக்கப்பட்டது ஒரு பெயர். கை வேறு பலருடையது.

கேரியின் முதல்நோக்கம் மதமாற்றமே. அதனை மறைப்பது வரலாறாகாது. அந்நோக்கத்தை மக்கள் வாய்மூடி ஏற்றுக்கொண்டாரென்பதும் வரலாறாகாது. 1818ஆம் ஆண்டில் சிராம்பூரிலிருந்து சமாசார் தர்ப்பண் என்ற வங்காளப் பத்திரிகை வெளிவந்தது. 1821ஆம் ஆண்டில் ராம்மோகன் ராய் தமது சம்பாத் கௌமுதியைத் தொடங்கிவிட்டார். மார்ஷ்மனோடு அவர் சமயவாதம் புரிந்தார். பாப்டிஸ்ட் அச்சகம் அவருடைய மறுப்பை அச்சிட மறுத்தபோது தாமே அச்சகம் அமைத்தார். நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. பிள்ளைகளின் மார்க்கம் போய்விடுமென்றஞ்சி முஸ்லிம் பெற்றோர் மிஷன் பள்ளிகளை விட்டு விலகிநின்றனர். அறிஞர் சித்தி லெப்பை 1882ஆம் ஆண்டில் முஸ்லிம் நேசனைத் தமிழிலே தொடங்கி, பின்னர் பாடசாலைகளும் நிறுவி, விலகிநிற்பது விடையாகாது, நமக்கென நாமே கட்டுவதே விடை என்று காட்டினார். அச்சும் பள்ளியும் கொண்டுவந்தவனின் உடைமையாகவே என்றும் இருப்பதில்லை; கற்றவனின் கைக்கு மாறிவிடும்.

கேரி 1834 சூன் 9ஆம் நாள் இறந்தார். அடுத்த ஆண்டே மெக்காலேயின் குறிப்பு வந்தது. உயர்கல்வி ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. 1818ஆம் ஆண்டிலே சாதி, சமய வேறுபாடின்றி மாணாக்கரைச் சேர்ப்பதெனத் தொடங்கிய சிராம்பூர்க் கல்லூரி இன்றும் இருக்கிறது. ஆயினும், எல்லா அறிவும் தாய்மொழியிலே பயிலவேண்டும் என்ற கொள்கை தோற்றுப்போய், நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. நம் நாட்டில் 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, சுயமொழிகள் படிப்படியாகப் போதனாமொழிகளானதன் பின்னரே, பொத்துவிலின் மீனவர் மகனும் கமக்காரன் மகளும் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் தம் வீட்டு மொழியிலே கற்கும் வழி திறந்தது. இன்று காசுள்ளவருக்கு ஆங்கிலப் பள்ளி, காசில்லாதவருக்குத் தாய்மொழிப் பள்ளி என்ற பிரிவு மறுபடி தலைதூக்குகின்றது. மெக்காலேயின் நிழல் இன்னும் நீங்கவில்லை.

தம் கல்லறையிலே புகழுரை வேண்டாமென்றும், பெயரும் ஆண்டுகளும் தம்மைத் தாழ்த்தும் ஓரிரு சொற்களும் போதுமென்றும் கேரி சொல்லிவைத்தார். அவரை ஒற்றைப் பெருமகனாக்கியவர்கள் பின்வந்தோரே. அவரது பணியில் நிலைத்தவையெல்லாம் முன்ஷியோடும் கொல்லரோடும் தச்சரோடும் ஹன்னாவோடும் சேர்ந்து செய்தவை. எசமானின் தொழிற்சாலையிலும், தம் வீட்டுப் பெண்ணின் துயரிலும் அவர் பார்வை குறைபட்டது. ஆசிரியராகிய நாம் இதனை வகுப்பிலே சொல்லவேண்டும். வில்லியம் கேரியின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் நாளிலே, அதன் அருகே பஞ்சானன் கர்மகார் என்ற பெயரையும், டொரத்தி என்ற பெயரையும் எழுதுவோம். பிள்ளைகள் மூன்றையும் சேர்த்தே படிக்கட்டும்.