படுக்கையில்லாத 'போர்டிங்': மாட்டுங்காவில் உண்டவர்கள் எங்கே உறங்கினார்கள்?

மும்பை மாட்டுங்காவில் 1942இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உணவகத்தின் பெயர் 'உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்'. அங்கே வாழையிலையில் சோறு கிடைக்கும். தங்க இடம் கிடைக்காது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1937இல், அதே வட்டாரத்தில் தோன்றிய 'மணிஸ் லஞ்ச் ஹோம்' தன் பெயரிலேயே வீட்டைக் கொண்டிருந்தது. அதுவும் உணவகமே. தமிழகத்துச் சிற்றூர்களின் பேருந்து நிலையங்களருகே 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்ற இரட்டைச் சொல் ஒரே பலகையில் காணப்படும். மாட்டுங்காவில் முதற்பாதி மட்டுமே பெயர்பெற்றது. இங்கே நாள்தோறும் உண்டவர்கள் எங்கே உறங்கினார்கள் என்ற கேள்வி உணவக வரலாறுகளில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயை அடுத்து, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலைக் குறைக்க அது வகுத்த திட்டங்களின் வழியாகவே தாதர், மாட்டுங்கா பகுதிகள் திட்டமிட்ட குடியிருப்புகளாயின. கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் சேர்ந்த தென்னிந்தியர்கள் இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். இவ்வீடுகளின் வரலாற்றை எழுதிய நிகில் ராவ் (2013), 'தென்னிந்தியர்' என்ற பொது அடையாளம் உருவானதில் மாட்டுங்காவின் குடியிருப்பு வாழ்க்கைக்குப் பெரும்பங்கு உண்டு என்று காட்டியுள்ளார்.

வீடுகள் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. வந்தவர்களிலோ மணமாகாத இளைஞர் பலர். சிலர் கூட்டாக வாடகை கொடுத்துத் தங்கினர். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் இத்தகைய கூட்டுறைவிடத்திற்குச் 'சம்மரி' என்று பெயர். வேறு சிலர் உறவினர் அல்லது ஊர்க்காரர் வீட்டுக் கூடத்தில் பாய்விரித்தனர். சமைக்க வசதியற்ற இவர்களுக்கு மாதக் கணக்கில் உணவளித்தவை போர்டிங்குகள். சமைப்பவர் யார் என்ற சாதிக் கவலைக்கும் அவை விடையளித்தன. சுருங்கச் சொன்னால், உணவு விலைக்கு வந்தது. உறைவிடம் உறவின் வழியே கிடைத்தது. விலைக்கு வந்ததற்குப் பெயர்ப்பலகையும் தொடக்க ஆண்டும் உண்டு. உறவின் வழியே கிடைத்ததற்கு அவை இல்லை.

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தன் தலைப்பிலேயே ஹோட்டல்களையும் தங்கும் விடுதிகளையும் சேர்த்துக்கொண்டது. வீட்டு வாடகைக்கு 1940 செப்டம்பர் 1ஆம் நாளின் நிலையை அது அடிப்படையாக்கியது. குறைந்த வாடகைக்குப் பெற்ற இடத்தைக் குடியிருந்தோர் விடவில்லை. புதிதாக வாடகைக்கு விட உரிமையாளர்களும் தயங்கினர். பின்னாளில் வந்தவர்கள் பிறர் வீட்டின் ஒரு மூலையில் 'பேயிங் கெஸ்ட்' ஆயினர். பிற்காலத் திருத்தமொன்றில் சட்டமே இச்சொல்லுக்கு விளக்கம் தரவேண்டியிருந்தது.

மத்திய ரயில் பாதைக்கு மேற்கே தாராவியில் இன்னொரு தமிழ் வரலாறு நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டவர்களுள் தலித்துகளும் இஸ்லாமியரும் மிகுதி. மாட்டுங்காவின் அடுக்குமாடியும் போர்டிங்கும் இவர்களுக்கானவையாக இருக்கவில்லை. பகலில் பட்டறையாக இருக்கும் தரையே இரவில் படுக்கையாவதை இன்றும் தாராவியில் காணலாம். விடியுமுன் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அவிக்கும் இட்லி நகரெங்கும் தெருக்களில் விற்கப்படுகிறது. பாதைக்குக் கிழக்கே உள்ள இட்லிக்கு நிறுவனப் பெயர் உண்டு. மேற்கே உள்ளதற்குப் பெயரில்லை.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து வாசிக்கும்போது சட்டத்தின் எல்லை புலப்படுகிறது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றில் சாதி, சமய அடிப்படையில் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையின் பேரில் அனுமதி மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உணவுக்கூடத்தின் கதவு இவ்வாறு திறந்தது. வாடகை வீட்டின் கதவுக்கு இதே நிலை வாய்க்கவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் உரிமையை வரையறுத்துக்கொண்ட கூட்டுறவு வீட்டுச் சங்கமொன்றின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 'சைவ உணவினருக்கு மட்டும்' என்ற நிபந்தனையை மும்பையில் வீடு தேடுவோர் இன்றும் எதிர்கொள்கின்றனர். எவருடனும் அமர்ந்து உண்ணலாம் என்ற நிலையை எட்டிய நகரம், எவருக்கும் அறை தரலாம் என்ற நிலையை எட்டவில்லை.

ஆகவே தங்கலின் வரலாற்றை உணவகப் பெயர்ப்பலகைகளைக் கொண்டு எழுத இயலாது. ஊரிலிருந்து வந்த கடிதங்களின் முகவரியில் பெறுநர் பெயருக்குக் கீழே 'மே/பா' என்று எழுதி வேறொருவர் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். யார் யாரைத் தம் கூரையின்கீழ் ஏற்றனர் என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று. குடும்பப் பெட்டிகளில் எஞ்சியுள்ள அத்தகைய உறைகள் ஆவணமாகத் திரட்டப்பட வேண்டியவை. கடிதமும் முகவரியும் இன்றிப் பட்டறைத் தரையில் உறங்கியவர்களின் வரலாற்றுக்கு வாய்மொழியே வழி.