போட்ல ஏறப்போறீங்களா... முதல்ல `ஆர்.சி' இருக்கான்னு பாருங்க!

ஆலப்புழாவில் ஒரு வீக் எண்ட், காயல் காத்து, கரிமீன் வறுவல், கூடவே நாலு ரீல்ஸ்... ட்ரிப் பிளான் பக்கா! ஆனா, நாம ஏறுற போட்டுக்கும் பைக், கார் மாதிரியே பதிவு எண், சர்ட்டிஃபிகேட் எல்லாம் இருக்கணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இது வெறும் பேப்பர் விஷயம் இல்லை. 2023 மே 7-ம் தேதி, கேரளாவின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தார்கள். பதிவும் சோதனையும் இருப்பதே இப்படி எதுவும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

எந்தச் சட்டம்?

ஆறு, ஏரி, காயலில் ஓடும் இன்ஜின் படகுகளுக்கு `உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021' பொருந்தும். அதுக்கு முன்னாடி இருந்தது, 1917-ல் போட்ட பழைய சட்டம். இப்போ ஒரு மாநிலத்தில் பதிவு செஞ்சா, அது இந்தியா முழுக்கச் செல்லும்.

துடுப்பு போடுற, இன்ஜின் இல்லாத படகுகளுக்கு உள்ளாட்சி அளவிலேயே பதிவு. கடலுக்குள் போகும் படகுன்னா கதையே வேற. அது வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் வரும்.

சொந்தமா போட் வாங்கினா?

1. டிசைன் அனுமதி: கட்டுறதுக்கு முன்னாடியே டிசைனுக்கு அனுமதி வாங்கணும். பிறகு மேல் தளம் போடுறது மாதிரி படகின் அமைப்பை மாத்துற வேலைகளுக்கும் இதே ரூல்தான்.

2. சர்வே சர்ட்டிஃபிகேட்: வண்டிக்கு எஃப்.சி மாதிரி. சர்வேயர் நேரில் வந்து படகின் உடல், இன்ஜின், பாதுகாப்புக் கருவிகளைப் பார்ப்பார். அலையின் உயரத்தை வைத்து நீர்நிலைகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமைதியான ஏரிக்குச் சான்று வாங்கிய படகை, அலை அதிகமுள்ள முகத்துவாரத்துக்குக் கொண்டுபோக முடியாது.

3. பதிவு: இதுதான் படகின் ஆர்.சி. மாநில அரசு நியமித்த பதிவு அதிகாரியிடம் விண்ணப்பிக்கணும். கிடைக்கும் எண்ணைப் படகில் பளிச்சென்று தெரியும்படி எழுதணும்.

4. இன்ஷூரன்ஸ்: விபத்தில் யாருக்காவது காயமோ, உயிரிழப்போ ஏற்பட்டால் இழப்பீடு கொடுக்க இது கட்டாயம்.

5. ஓட்டுபவருக்கான சான்று: கார் லைசென்ஸை வெச்சு படகு ஓட்ட முடியாது. தனித் தகுதிச் சான்று வேணும். கேரளாவில் `ஸ்ராங்கு' என்று சொல்வார்களே, அவரிடம் இது இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குறீங்களா? பழைய ஓனர் பெயரிலேயே விட்டுடாதீங்க. பெயர் மாற்றம் முக்கியம். சர்வே சான்று காலாவதி ஆயிடுச்சான்னும் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

டூரிஸ்ட்டா போறீங்களா?

ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க:

* படகின் உடலில் பதிவு எண் இருக்கா?
* சர்வே சான்றைப் பார்வையில் படும்படி வெச்சிருக்காங்களா? அதில் தேதி முடியலையே?
* எத்தனை பேர் ஏறலாம்னு போட்டிருக்கு, எத்தனை பேர் ஏறுறாங்க?
* எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா? குழந்தைகள் சைஸில் தனியா இருக்கா?
* இருட்டின பிறகும் `கடைசி ட்ரிப்'னு கூப்பிடுறாங்களா?

இதுல ஒண்ணு இடிச்சாலும் கரையிலேயே நின்னுடுங்க. `எல்லாரும் ஏறிட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி'ன்னு அவசரப்படுத்தினா, கூச்சப்படாம `அடுத்த போட்ல வர்றோம்'னு சொல்லுங்க. டிக்கெட் காசு போனா போகட்டும்... பத்திரமா வீடு திரும்புறதுதானே முக்கியம்!