நட்டேரரின் பெயர்: பிரானாவும் இந்திய மீன்தொட்டியும்

1817ஆம் ஆண்டு, ஆஸ்திரிய இளவரசி லியோபோல்தினாவின் திருமணத்தையொட்டிப் பிரேசிலுக்குச் சென்ற அறிவியல் குழுவில் யோகான் நட்டேரர் என்னும் இயற்கையியலாளர் இடம்பெற்றிருந்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கேயே தங்கிப் பறவைகளையும் மீன்களையும் சேகரித்து வியன்னாவுக்கு அனுப்பியவர் அவர். 1843இல் அவர் மறைந்தார். 1858இல் ருடால்ஃப் க்னெர், செவ்வயிற்றுப் பிரானாவை அறிவியலுலகிற்கு விவரித்தபோது, அதன் இனப்பெயரை நட்டேரரின் நினைவாக அமைத்தார்: பைகோசென்ட்ரஸ் நட்டெரெரி.

பெயரை அறிவியல் தந்தது; புகழைப் பயண இலக்கியம் தந்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1913–14இல் பிரேசிலியப் படை அதிகாரி ரோந்தோனுடன் காட்டாற்றுப் பயணம் மேற்கொண்டார். 1914இல் வெளிவந்த அவரது பயணநூல், பிரானாவை உலகின் மிகக் கொடிய மீனாகச் சித்திரித்தது. 1978இல் ஜோ டாண்டே இயக்கிய திரைப்படம் அச்சித்திரத்தை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்தது. ஆனால், அமேசான் வெள்ளக்காடுகளில் ஆய்ந்த ஹெல்டர் கெய்ரோஸ், ஆன் மகூரன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட முடிவு வேறு. செவ்வயிற்றுப் பிரானாக்கள் கூட்டமாகத் திரிவது கூடி வேட்டையாடுவதற்கன்று. முதலையினங்கள், ஆற்று ஓங்கில்கள், நீர்க்காகங்கள் ஆகியவற்றிடமிருந்து தற்காத்துக்கொள்வதற்கே. அச்சமூட்டும் மீனாக அறியப்பட்டது உண்மையில் அஞ்சும் மீன்.

இந்த முரண், முதன்முறையாக மீன் வளர்க்க முற்படுவோரின் தொட்டியில் வெளிப்படுகிறது. கொடிய மீன் என்று நம்பி வாங்குபவர் காட்சியை எதிர்பார்க்கிறார். உயிருள்ள சிறுமீன்களை இட்டு வேட்டையைக் காண விழைகிறார். மீனோ தொட்டியின் மூலையில் ஒடுங்கி, ஆளரவம் கேட்டாலே பதறுகிறது. அதற்கு வேண்டியவை மங்கிய ஒளி, மறைவிடம், 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர், நீந்துவதற்கு விரிந்த இடம். விரலளவில் வாங்கப்படும் குஞ்சு 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. நன்கு பேணினால் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

தொட்டிமீன்களை மிகுதியாகக் கொல்வது நீரே. 1850இல் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் தொட்டியை விவரித்தார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சியகம் பொதுமக்களுக்கான மீன் இல்லத்தைத் திறந்தது. ஆயினும் கழிவு எவ்வாறு தீங்கற்றதாகிறது என்பதற்கு 1890ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி மேற்கொண்ட ஆய்வுகளே விடை தந்தன. அமோனியாவை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், அதனை வேறொரு வகை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே இறைச்சி தின்னும் மீனை அதில் விட்டு, மிஞ்சிய இறைச்சியை அகற்றாதிருந்தால், அமோனியா பெருகி மீன் மடியும். பல்லுக்கு அஞ்சுபவர் நீரைச் சோதிக்க மறந்துவிடுகிறார்.

இந்தியாவில் இக்குழப்பத்திற்குப் பெயர்களும் துணைநிற்கின்றன. பிரானாவின் உறவினமான செவ்வயிற்றுப் பக்கு, 2000களின் முற்பகுதியில் வங்கதேசம் வழியாக மேற்கு வங்கத்தை அடைந்து, ஆந்திரம், கேரளம் முதலிய மாநிலங்களின் வளர்ப்புக்குளங்களுக்குப் பரவியது. வங்காளத்தில் கடல்வாழ் வௌவால் மீனுக்குரிய ரூப்சாந்தா என்னும் பெயரை அது பெற்றது. கேரளச் சந்தையில் அதன் பெயர் நட்டர். பிரானாவுக்கு இடப்பட்ட நட்டேரரின் பெயரே அதில் ஒலிக்கிறது என்று கொள்ளத் தோன்றுகிறது. இளம்பருவத்தில் பக்குவின் சிவந்த வயிறு பிரானாவையே ஒத்திருப்பதால், வண்ணமீன் கடைகளில் அது பிரானா என்று விற்கப்படுவதும் உண்டு. வாயைத் திறந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும்: பிரானாவுக்கு முக்கோண வடிவக் கூரிய பற்கள், பக்குவுக்கு விதைகளையும் கொட்டைகளையும் நொறுக்கும் தட்டைப் பற்கள். பக்கு பிரானாவைவிடவும் பெரிதாக வளரும். எனவே பெயரை நம்பி வாங்குபவர், தம் தொட்டிக்கு அடங்காத ஒரு மீனைத் தம்மையறியாமல் வளர்க்கிறார்.

அடங்காத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவது இரக்கச்செயலாகத் தோன்றலாம். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் கேரள ஆறுகளில் அரப்பைமா போன்ற அயல்மீன்கள் வலைகளில் சிக்கின. வளர்ப்பிடங்களின் கரைகளை வெள்ளம் மேவியதன் விளைவு அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளிலோ, வேறெங்கும் காணப்படாத சிறுமீன் இனங்கள் பல வாழ்கின்றன. அயல்மீன் அவற்றை இரையாக்கலாம், இரைக்குப் போட்டியிடலாம், நோயைக் கொணரலாம். வெள்ளத்தைத் தடுக்க எவராலும் இயலாது. வாளியில் மீனைச் சுமந்து ஆற்றங்கரைக்குச் செல்வதைத் தவிர்க்க எவராலும் இயலும். கடைக்காரரிடமோ, பெரிய தொட்டியுள்ள மற்றொரு வளர்ப்பாளரிடமோ அதனை ஒப்படைப்பதே முறை.

ரூஸ்வெல்ட்டின் காலந்தொட்டு, பிரானா மனிதனுக்கு என்ன செய்யும் என்ற வினாவே மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. அம்மீனுக்கும், அது விடப்படும் ஆற்றுக்கும் மனிதன் என்ன செய்கிறான் என்ற வினா அதனினும் அவசரமானது. தொட்டி வாங்குவதற்கு முன்பே அதனைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.