தென்சென்னை எம்.பி.யும் ஒரு பென்ஷன் மசோதாவும்

1980-ல் தாம்பரத்தில் ஓட்டு போட்ட பெரியவங்க யாராவது வீட்டில் இருந்தா கேட்டுப் பாருங்க. அப்போ தாம்பரம், ஆலந்தூர் எல்லாம் தென்சென்னை மக்களவைத் தொகுதிக்குள்ள இருந்தது. 2009 தேர்தலில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போச்சு. 1977-லயும் 1980-லயும் அந்தத் தொகுதியில் ஜெயிச்சவர் ஆர். வெங்கட்ராமன். ஏழு வருஷம் கழிச்சு, 1987 ஜூலையில் அவர்தான் ஜனாதிபதி. (அவருக்கு அடுத்து 1984-ல் நம்ம எம்.பி. ஆனது வைஜயந்திமாலா. தென்சென்னைக்கு ரசனை எப்பவுமே பரந்து விரிந்தது :-))

காமராஜர் மந்திரிசபையில் தொழில்துறை மந்திரியா இருந்தவர் ஆர்.வி. கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்தது அவர் காலத்தில்தான். அப்புறம் டெல்லியில் நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், துணை ஜனாதிபதி. அதாவது பட்ஜெட் போட்டு "காசு கொடுங்க"ன்னு சபையில் நின்ன அதே ஆள், பின்னாடி அந்த சபை அனுப்புற காகிதத்தில் கையெழுத்து போடுற இடத்துக்கு வந்தார். அந்த அனுபவம்தான் 1991-ல் வேலை செஞ்சதுன்னு எனக்குத் தோணும்.

மேட்டருக்கு வருவோம். நம்ம ஊர் ஜனாதிபதி ரப்பர் ஸ்டாம்ப் என்பது டீக்கடை வரைக்கும் தெரிஞ்ச விஷயம். 74-வது பிரிவுப்படி மந்திரிசபை சொல்றதைத்தான் அவர் செய்யணும். ஆனா பண விஷயத்தில் அரசியல் சாசனம் ஒரே பூட்டுக்கு ரெண்டு சாவி வெச்சிருக்கு. நாடாளுமன்றம் சட்டம் போடாம தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் கூட வெளியே எடுக்க முடியாது, இது 114. அதே சமயம், அந்த நிதியிலிருந்து செலவு வைக்கிற மசோதா எதையும் ஜனாதிபதி பரிந்துரை இல்லாம எந்தச் சபையும் நிறைவேற்றக் கூடாது, இது 117. ஜனாதிபதி பரிந்துரைன்னா நடைமுறையில் மந்திரிசபையோட பரிந்துரைதான். எம்.பி.க்கள் ஆளாளுக்கு "எங்க தொகுதிக்கு இவ்வளவு கொடு"ன்னு மசோதா போட்டா கஜானா என்ன ஆகும்? செலவு பண்ணணும்னு கேக்குறது அரசு, சரின்னு சொல்றது சபை. இங்கிலாந்து காமன்ஸ் சபையில் 1713-லயே நிலையாணையா வந்துட்ட பழைய ஏற்பாடு இது.

இப்போ 1991 மார்ச். நாடு கிட்டத்தட்ட திவால். அன்னியச் செலாவணி கரைஞ்சுகிட்டே இருக்கு. அந்த வருஷம் மே மாசம் 20 டன் தங்கமும், ஜூலையில் சுமார் 47 டன் தங்கமும் வெளிநாட்டுக்குப் போகப் போகுது. ராஜீவ் காந்தி வீட்டை ஹரியானா போலீஸ்காரங்க ரெண்டு பேர் வேவு பார்த்தாங்கன்னு காங்கிரஸ் குதிக்க, மார்ச் 6-ம் தேதி பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா. யஷ்வந்த் சின்ஹா ரெண்டு நாள் முன்னாடி போட்டது இடைக்கால பட்ஜெட்தான். முழு பட்ஜெட் போட ஆளில்லை. மார்ச் 13-ல் மக்களவை கலைஞ்சது. 1989 கடைசியில் தேர்ந்தெடுத்த சபைக்கு ஆயுசு பதினைஞ்சு மாசத்துக்குப் பக்கம்தான்.

கலையப் போற நேரத்தில், கூட்டத்தொடரின் கடைசி நாளில், எம்.பி.க்கள் ஒரு மசோதாவை நிறைவேற்றினாங்க. எதைப் பத்தி? தங்களோட சம்பளம், படி, பென்ஷன் பத்தி! அதுவும் ஜனாதிபதியோட முன்பரிந்துரை வாங்காமலே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்ரூவல் இல்லாம ப்ரொடக்‌ஷனில் கோடை ஏத்திட்டு பஸ் ஏறிப் போற கதைதான்.

ஆர்.வி. ஒப்புதல் தர மறுத்துட்டார்.

இதில் சட்ட நுணுக்கம் ரொம்ப சுவாரஸ்யம். சபை கலைஞ்சதும் மசோதாவும் செத்துடும்னுதானே நினைப்போம்? இல்லை. ரெண்டு சபையும் தாண்டி கையெழுத்துக்குக் காத்திருக்குற மசோதா கலைப்பால் காலாவதி ஆகாது. சரி, முன்பரிந்துரை இல்லாததால கோர்ட்டில் அடிபட்டுப் போகுமான்னா, அதுவும் இல்லை. 255-வது பிரிவு சொல்றது என்னன்னா, முன்பரிந்துரை வாங்காட்டியும் ஜனாதிபதி பின்னாடி ஒப்புதல் கொடுத்துட்டா, அந்தக் குறையை மட்டும் வெச்சு சட்டம் செல்லாதுன்னு சொல்ல முடியாது. அதாவது அவர் கையெழுத்து போட்டிருந்தா நடைமுறை மீறல் எல்லாம் கழுவி விட்ட மாதிரி ஆகியிருக்கும். 117-ஐக் காப்பாத்த அந்த நேரத்தில் மிச்சம் இருந்தது அவரோட பேனா ஒண்ணுதான். வழக்கமான முறையில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியிருந்தாலும், சபைகள் மறுபடி நிறைவேற்றினா கையெழுத்து போட்டே ஆகணும். ஒப்புதல் மறுப்புன்னா கதை முடிஞ்சது.

இதுக்கு முன்னாடி உதாரணம் தேடினா 1954-க்குப் போகணும். அதுவும் பண மசோதாதான். பெப்சு மாநிலத்துக்கான நிதி ஒதுக்கீட்டு மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றிச்சு. ராஜேந்திர பிரசாத் கைக்கு அது வர்றதுக்குள்ள அங்க ஜனாதிபதி ஆட்சி முடிஞ்சு போச்சு, அதனால நிறுத்தினார். அதில் சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லை.

இதைப் படிச்சுட்டு ஆர்.வி.க்கு மாலை போடக் கிளம்பிடாதீங்க. ஆறு வாரம் பின்னாடி போங்க, 1991 ஜனவரி 30. தமிழ்நாட்டில் கலைஞர் அரசை 356-ல் கலைச்ச உத்தரவில் கையெழுத்து போட்டவரும் இவர்தான். அறிக்கை தர கவர்னர் பர்னாலா மறுத்துட்டார். அறிக்கை இல்லாமலே கலைச்சாங்க. பர்னாலாவை பீகாருக்கு மாத்த, அவர் ராஜினாமா பண்ணிட்டுப் போனார். ஜனாதிபதி பதவி அவசர விளக்கு மாதிரி, கரண்ட் போனா எரியும், வந்தா அணைஞ்சுடும்னு ஆர்.வி. சொல்வார். மெட்ராஸ்காரங்களுக்கு நல்லாவே புரியுற உவமை. ஆனா பெரும்பான்மை இருந்த ஒரு சட்டமன்றத்தையே அணைச்சப்போ அந்த விளக்கு எரியலையே? மந்திரிசபை ஆலோசனையை ஒரு தடவை திருப்பி அனுப்பலாம்னு 1978-லயே 44-வது திருத்தம் வழி கொடுத்திருந்தது. 1997-ல் உத்தரப் பிரதேச விவகாரத்தில் கே.ஆர். நாராயணன் அதைத்தான் செஞ்சார், மந்திரிசபையும் பின்வாங்கிச்சு. ஆர்.வி.யால முடியாததுன்னு இல்லை. பென்ஷன் மசோதாவில் அவருக்கு விதி தெளிவா இருந்தது, 356-ல் அரசியல் இருந்தது. அங்க ஒதுங்கிட்டார் என்பது என் கணிப்பு.

ஒப்புதல் தராம சும்மா வெச்சிருக்குறது இன்னொரு ரகம். அதில் ஜெயில் சிங்தான் மன்னன். 1986-ல் ராஜீவ் அரசு, கடிதங்களைப் பிரிச்சுப் பார்க்குற அதிகாரத்தை விரிவாக்கி அஞ்சல் சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தது. அவர் போடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பதவிக்காலம் முடிஞ்சு போயிட்டார். அமெரிக்க ஜனாதிபதிக்கு ஞாயிறு நீங்கலாப் பத்து நாள் கெடு உண்டு. நம்ம 111-வது பிரிவில் அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாடு கவர்னர் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, மாநில மசோதாக்கள் மேல முடிவெடுக்க ஜனாதிபதிக்கு மூணு மாசம்னு கெடு வெச்சது. அந்த வருஷம் நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதி அமர்வு, கோர்ட் அப்படிக் கெடு விதிக்க முடியாதுன்னு கருத்து சொல்லிடுச்சு.

ஜெயில் சிங் விட்டுட்டுப் போன அஞ்சல் மசோதாவை 1990 ஜனவரியில் மாநிலங்களவைக்குத் திருப்பி அனுப்பினதும் ஆர்.வி.தான். 2002-ல் வாஜ்பாய் அரசு அதை வாபஸ் வாங்கிச்சு. அஞ்சலைப் பிரிக்கிற அதிகாரம், தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணங்களோட, 2023 அஞ்சல் சட்டத்தின் 9-வது பிரிவா வந்தது. டிசம்பர் 24-ல் ஒப்புதல் கிடைச்சு, 2024 ஜூன் 18-லேர்ந்து அமலில் இருக்கு.