ஒரு சிறுமியின் கேள்வியும் இன்ஹேலரின் வரலாறும்

ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இன்னிக்கு மருந்து இழுத்தியா?" என்பது. "இழுத்துட்டேன்" என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பலாமா? இன்ஹேலரின் வரலாற்றைப் புரட்டினால், கருவியைக் கண்டுபிடிப்பதை விட அதைப் பிள்ளைகளை ஒழுங்காகப் பயன்படுத்த வைப்பதுதான் பெரிய வேலை என்று தெரியும்.

அந்தக் கருவி பிறந்ததே ஒரு சிறுமியால்தான். 1955-ல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்நாளில் மருந்தைக் கண்ணாடிக் கருவியில் ஊற்றி, ரப்பர் குமிழை அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். ஹேர் ஸ்பிரே மாதிரி இதையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். மறு வருடமே, ஒவ்வொரு அழுத்தலுக்கும் அளந்து மருந்து தரும் 'மெடிஹேலர்' விற்பனைக்கு வந்துவிட்டது!

சட்டைப்பையில் அடங்கும் கருவி, நொடியில் நிவாரணம். ஆனால் 1960-களில் ஒரு பேரதிர்ச்சி காத்திருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1959-க்கும் 1966-க்கும் இடையில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஆஸ்துமா மரண விகிதம் ஏறக்குறைய 8 மடங்கானது. அதிக வீரியமுள்ள ஐசோப்ரினலின் இன்ஹேலர்கள் மீது சந்தேகம் விழுந்தது. மருந்தின் வீரியம்தான் கொன்றதா, அல்லது அதையே நம்பி டாக்டரிடம் போகத் தாமதித்ததா என்று நெடுநாள் வாதம் நடந்தது. 1967-ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை போனது. 1968-ல் சீட்டு இல்லாமல் அதை விற்பது பிரிட்டனில் நிறுத்தப்பட்டது. மரணங்களும் குறைந்தன.

1969-ல் பாதுகாப்பான சால்பியூட்டமால் வந்தது. 1972-ல் பெக்லோமெத்தசோன் வந்தது. முன்னது இறுகிய மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும். பின்னது ஸ்டீராய்டு, மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை, அதாவது நோயின் வேரையே அடக்கும். ஆனால் அதைத் தினமும் எடுக்க வேண்டும், பலன் மெதுவாகத்தான் தெரியும். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. இழுத்தவுடன் சுகம் தரும் மருந்தை யாரும் மறப்பதில்லை. நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டிய மருந்தைப் பள்ளி, விளையாட்டு, தோழர்கள் என்று ஓடும் பிள்ளை மறக்காமல் என்ன செய்யும்?

எவ்வளவு மறக்கிறார்கள்? 1996-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 8 முதல் 12 வயதுள்ள 24 பிள்ளைகளின் இன்ஹேலர்களில் மின்னணுப் பதிவுக் கருவி பொருத்தினார்கள். நாட்குறிப்புகளின்படி ஸ்டீராய்டு மருந்தின் இடைநிலைப் பயன்பாடு 95.4%. கருவி காட்டியதோ 58.4%! நோய் முற்றி ஸ்டீராய்டு மாத்திரை வரை போன பிள்ளைகளிடம் அது வெறும் 13.7%. மற்றவர்களிடம் 68.2%. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று அதன் வீரியத்தைக் கூட்டும் முன், அது உள்ளே போனதா என்று பார்க்க வேண்டும் என்பது இதன் பாடம்.

சரி, திட்டினால் திருந்துவார்களா? வேறு வழிகளே பலன் தந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறப் பள்ளிகளில் 11-ம் வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களையே இளைய வகுப்புகளுக்கு ஆஸ்துமா பற்றிப் பாடம் எடுக்க வைத்தார்கள். 2001-ல் வெளியான முடிவில், அந்தப் பள்ளிகளில் ஆஸ்துமா மாணவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது தெரிந்தது. டாக்டர் சொல்லிக் கேட்காதவன் சீனியர் சொன்னால் கேட்கிறான்!

நியூசிலாந்தில் 6 முதல் 15 வயதுள்ள 220 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. இன்ஹேலரில் ஒலியெழுப்பி நினைவூட்டும் வசதி இருந்த குழு 84% மருந்தை எடுத்தது. அந்த ஒலி இல்லாத குழு எடுத்தது 30% மட்டுமே.

இது வெறும் கணக்கு விவகாரம் இல்லை. பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை அலசி 2014-ல் வெளியான அறிக்கை, அவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் தவிர்த்திருக்கக் கூடிய குறைகள் இருந்ததாகச் சொன்னது. இறந்தவர்களில் 28 பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள்.

2019-ல் 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடனடி நிவாரண மருந்தை மட்டும் தனியே தரக் கூடாது என்றது. ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைப்படும்போது இழுக்கலாம் என்றது. மூச்சுத் திணறும்போது பிள்ளை தானாகவே இன்ஹேலரைத் தேடும். அப்போது நோயின் வேருக்கான மருந்தும் கூடவே உள்ளே போய்விடும்.

மறதியைக் குற்றமாகப் பார்த்த மருத்துவம், மறந்தாலும் காப்பாற்றும் வழியைத் தேட ஆரம்பித்திருக்கிறது. 1955-ல் அந்தச் சிறுமி கேட்டதும், தன்னைப் போன்றவர்களால் கையாள முடிகிற ஒரு மருந்தைத்தானே?