கணினியில் தமிழ்: விலைக்கு வாங்கியதும் விலையின்றி வந்ததும்

நம் சங்க ஆண்டு மலர் உருவாகும் முறையை ஊன்றி நோக்கினால், கணினித் தமிழ் கடந்துவந்த வழி முழுவதையும் அதில் காணலாம்.

1990களில் தமிழ் எழுத்து என்பது கணினியில் தனியே ஏற்றிக்கொள்ள வேண்டியதொரு பொருள். தாராவியிலோ மாட்டுங்காவிலோ டி.டி.பி. கடையை நாடிச் செல்வோம். அங்கே பேஜ்மேக்கர் மென்பொருளும் தமிழ் எழுத்துருக்கள் சிலவும் இருக்கும். (அந்நாளில் அம்மென்பொருளை விலை கொடுத்து வாங்கினோர் எத்தனை பேர் என்று கேளாதிருப்பதே நலம்!) ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவையே அவ்வெழுத்துருக்கள். 'பாமினி'யில் அடித்த 'தமிழ்' என்னும் சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். செம்பூரில் அடித்த கடிதத்தைச் சென்னையில் படிக்க, கடிதத்தோடு எழுத்துருவையும் அனுப்ப வேண்டியிருந்தது.

இக்குழப்பத்தை நீக்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடிற்று. டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. ஆயினும் பழைய எழுத்துருக்கள் மறையவில்லை. உண்மையான மாற்றத்தைத் தந்தது ஒருங்குறியே. 1991லேயே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது மக்கள் கைக்கு எட்டத் தொடங்கிற்று. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒட்டினால் ஒருங்குறியாக மாற்றித் தரும் 'பொங்குதமிழ்' பக்கத்தை ஈழத்தமிழரான சுரதா இணையத்தில் விலையின்றி வழங்கினார். 2006இல் கூகிள் டாக்ஸ் வந்தபின், எழுதும் தாளே இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் தமிழ் பயிலாத நம் பிள்ளைகளும் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்றடித்துத் தமிழில் காண்கின்றனர். இப்பேற்றைச் சிறிதென்று கருதலாகாது.

அச்சகம் மட்டும் பின்தங்கிற்று. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அது ஒருங்குறித் தமிழை அறியாது. ஆகவே அன்பர்கள் கைப்பேசியில் எழுதி அனுப்பும் கட்டுரையைப் பழைய எழுத்துருவுக்குத் திருப்பி மாற்றும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. அப்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. மலரில் காணும் பிழைகள் அனைத்தும் எழுதியவர் பிழையல்ல.

இணையத்தில் கிடைத்த இடம் வாடகையில்லா வீடு. ஆனால், மும்பைவாசிகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ, வீடு நம்முடையதன்று. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது, அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களும் அகன்றன. அளவின்றிப் படங்களை ஏற்றுவந்த கூகிள், 2021 ஜூனில் அச்சலுகையை முடித்தது. நம் ஆண்டுவிழாப் படங்கள் பல அவ்வகைக் கணக்குகளிலேயே உள்ளன.

பழைய மலர்களின் கோப்புகளோ பிளாப்பியிலும் குறுந்தகட்டிலும் உறங்குகின்றன. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றியில் இட்டு மீட்டுவிடலாம். தெரியாவிடில் அச்சுப்பிரதியைப் பார்த்து மீண்டும் அடிப்பதே எளிது. காலனியின் முதல் தலைமுறையினர் பெயர்களும் அவர்கள் எழுதியவையும் அவற்றில்தான் உள்ளன. பழைய மலர்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பத்தினர் சின்னாட்கள் தந்துதவினால், அப்பணியை இவ்வாண்டே தொடங்கலாம்.